அரக்கு நிறத்தில் ஒரு புடவை

வருகிற தை மாதம் எங்கள் மகளுக்குத் திருமணம். முகூர்த்தப் புடவை எடுப்பதற்காக உத்திரமேரூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு, காமாட்சி அம்மனைத் தரிசித்துவிட்டு, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் போய் அமர்ந்தோம். பாயின்மேல் புடவைகளை விரித்துப் போட்ட இளைஞர் மிகுந்த மரியாதையுடன் பேசினார்.

"இப்போ எல்லாரும் எர்த் டோன்தான் சார் கேக்கறாங்க. இது ரஸ்ட். இது டெரகோட்டா. இது மஸ்டர்ட். கல்யாணப் பொண்ணுக்கு ரொம்ப எடுப்பா இருக்கும்."

என் மனைவி மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அரக்கு இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவர் ஒரு கணம் யோசித்தார். "மெரூன் இருக்கும்மா" என்றார்.

நாங்கள் அன்று புடவை எடுக்காமலேயே ஊர் திரும்பினோம். கடையின்மீதோ அந்த இளைஞரின்மீதோ எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவர் ரஸ்ட் என்று காட்டியது செங்காவி. டெரகோட்டா என்றது செங்கல் நிறம். மஸ்டர்ட் என்றது, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், நம் மாம்பழ மஞ்சளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நம் வீட்டுப் பரணில் இருந்த பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த நிறங்கள்தாம் புதுப்பெயர் சூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கின்றன. ஆனால் அரக்கு என்ற சொல்லையே ஒரு பட்டுக் கடையில் மொழிபெயர்க்க வேண்டியிருந்ததே என்பது வழியெல்லாம் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

அரக்கு எனக்குக் கொஞ்சம் நெருங்கிய பொருள். வங்கிப் பணியில் சேர்ந்த புதிதில், பணப்பெட்டிகளை வேறு கிளைக்கு அனுப்பும்போது முடிச்சின்மேல் அரக்கு வைத்து முத்திரையிடுவது என் வேலைகளுள் ஒன்று. மெழுகுவர்த்திச் சுடரில் அரக்குக் குச்சியைக் காட்டி, உருகிச் சொட்டும்போது பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் விரல் வெந்துவிடும். வெந்திருக்கிறது. அந்த வாசனை இன்றும் நினைவில் இருக்கிறது. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரித்துவிடுவதற்காக வாரணாவதத்தில் அரக்கு மாளிகை கட்டினார்கள் என்று படிக்கும்போதெல்லாம், அது எவ்வளவு விரைவில் பற்றிக்கொண்டிருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது.

அரக்கு ஒரு சிறு பூச்சியின் கொடை. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற ஓர் ஓட்டைச் சுரக்கின்றன. அந்தக் கிளைகளை வெட்டி, ஓட்டைச் சுரண்டி எடுத்து நீரில் கழுவினால் சிவந்த சாயம் பிரிந்து வரும். எஞ்சிய பிசினை உருக்கினால் அரக்கு. முத்திரை வைக்கவும், மரச்சாமான்களுக்கு மெருகூட்டவும், வளையல் செய்யவும் அது பயன்பட்டது. கழுவி எடுத்த சாயமோ பட்டுக்கும் கம்பளிக்கும் போயிற்று. பெண்கள் பாதத்தில் பூசிய செம்பஞ்சுக் குழம்பும் இதே சாயத்தைப் பஞ்சில் தோய்த்து எடுத்ததுதான். இன்றும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிக் காடுகளில் பழங்குடி மக்கள் அரக்கு சேகரிக்கிறார்கள். ராஞ்சியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. பட்டும் ஒரு புழு தந்தது, அதன் நிறமும் ஒரு பூச்சி தந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஒரு பழைய அரக்குப் பட்டுப்புடவையில் எத்தனை சிற்றுயிர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது புரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு நமக்கு வேண்டாம் என்று காஞ்சி மகா பெரியவர் வலியுறுத்தி வந்தார். பட்டு நெசவால் உலகப் புகழ் பெற்ற ஊரில் இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னார். அவர் சொல்லை ஏற்றுப் பட்டை அடியோடு விட்டவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. பருத்தியிலும் இந்த நிறங்களுக்குக் குறைவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியில் வரும் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் எந்தப் பட்டுக்கும் இளைத்தவை அல்ல. கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக அவற்றைவிடத் தோதான உடையும் இல்லை. திருமணத்துக்குப் பட்டுதான் என்று நாங்கள் முடிவு செய்ததை நியாயப்படுத்த நான் முயலவில்லை. வழக்கத்தின் பிடி பெரிது.

சரி, சிவப்பும் மஞ்சளும் பழுப்புமாக இந்த நிறங்களே ஏன் நம் மங்கல நிறங்கள் ஆயின? காரணம் ஓரளவு மண்ணிலேயே இருக்கிறது. செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் நிறம் என்பது வேரிலும் பட்டையிலும் பூவிலும் தேடி எடுக்க வேண்டிய ஒன்று. அப்படித் தேடியவர்களுக்கு எளிதாகக் கிட்டியவை சூடான நிறங்களே. சோழமண்டலக் கரையோர மணலில் வளரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர் சிவப்புத் தந்தது. அதன் மற்றொரு பெயரே சாயவேர். மஞ்சிட்டிக் கொடியின் வேரும் சிவப்பு. மஞ்சள் கிழங்கு மஞ்சள். கடுக்காய்த் தண்ணீரில் துணியை முதலில் ஊறவைத்து, படிகாரம் சேர்த்துச் சாயவேரில் கொதிக்கவைத்தால் சிவப்பு நிலைக்கும். அதே கடுக்காயுடன் இரும்பு சேர்ந்தால் கறுத்துவிடும். நீலம் வேண்டுமென்றால் அவுரியைத் தவிர வேறு கதியில்லை. பச்சை வேண்டுமென்றால் மஞ்சளில் ஒரு முறை, அவுரியில் ஒரு முறை என இரண்டு தடவை தோய்க்க வேண்டும். ஆகவே பச்சையும் நீலமும் உழைப்பு மிகுந்தவை. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் பூமி தாராளமாகக் கொடுத்தவை.

கொடுத்ததை அம்பிகைக்கே முதலில் சாத்தினார்கள். லலிதா சகஸ்ரநாமத்தைத் தினமும் பாராயணம் செய்யும் அன்பர்களுக்குத் தெரியும்: அம்பாளின் ஆடை குசும்பப் பூவின் சாயம் ஏற்றிய சிவந்த ஆடை என்று அதில் ஒரு திருநாமம் வருகிறது. குசும்பாவை எண்ணெய் வித்தாகத்தான் இன்று அறிவோம். அதன் பூவிதழில் மஞ்சள், சிவப்பு என இரு சாயங்கள் உண்டு. மஞ்சள் வெறும் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். அதன்பின் காரம் சேர்த்துப் பிழிந்து, புளிப்புச் சேர்த்துத் துணியில் ஏற்றினால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு வெளிப்படும். வெயில் பட்டால் அது வெளுத்தும் போகும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த, இவ்வளவு விரைவில் மங்கக்கூடிய ஒரு நிறத்தை அன்னைக்கு உரியதாக்கியிருக்கிறார்களே என்று எண்ணும்போது, அந்த நாமத்தைச் சொல்லும் நாக்கு சற்றே நின்று போகிறது. பெருமாளுக்கோ பீதாம்பரம், அதாவது மஞ்சள் பட்டு. எங்கள் ஊர் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலில் மூன்று தளங்களிலும் நின்றும் அமர்ந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். கீழிருந்து மேலே ஏறிச் சென்று பார்க்கும்போது விளக்கொளியில் மஞ்சளும் அரக்கும்தான் முதலில் கண்ணில் படும். நீலம் இருளோடு இருளாகக் கலந்துவிடும். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்துக்கென்றே பிறந்த நிறங்கள் இவை என்பது என் எண்ணம்.

கோயில் மதிலின் வெள்ளையும் காவியுமான பட்டைகளையும், வெள்ளிக்கிழமைக் கோலத்தைச் சுற்றி இடும் காவிக் கரையையும் நாம் தினமும் பார்க்கிறோம். காவி என்பது இரும்புத் துரு ஏறிய மண், வேறொன்றுமில்லை. துறவி அதே மண்ணைக் கரைத்துத் தம் ஆடையைத் தோய்த்துக்கொள்கிறார். மணப்பெண் அதே குடும்பத்து நிறத்தை ஆழமாக்கி, ஓரத்தில் பொன் வைத்து அணிகிறாள். ஒருத்தி உலக வாழ்வுக்குள் நுழைகிறாள், மற்றவர் அதிலிருந்து வெளியேறுகிறார். இருவர்மேலும் இருப்பது மண்ணின் நிறம்.

மாற்றம் சீமையிலிருந்து வந்தது. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மனியின் கிரேபவும் லீபர்மானும் மஞ்சிட்டியிலும் சாயவேரிலும் இருக்கும் அலிசரின் என்ற அதே சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அதன்பிறகு வேர் தோண்டுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? இன்று நீங்கள் வாங்கும் பட்டுப்புடவை ஏறக்குறைய எல்லாமே செயற்கைச் சாயந்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல சாயம் நல்ல சாயமே. தீங்கு தரும் அசோ வகைச் சாயங்கள் பலவற்றை 1997இல் இந்திய அரசு தடை செய்திருக்கிறது. ஆனால் இயற்கைச் சாயம் என்ற அட்டையைத் தொங்கவிட்டு இருமடங்கு விலை கேட்டால், எந்த வேர், எந்தப் பட்டை, யார் தோய்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் வாங்குங்கள். வங்கியில் ஆவணம் பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. எதற்கும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.

புடவைக்கும் அது பொருந்தும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையைத் திருப்பிப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அந்தக் கவ்வலுக்காகத்தான் தறியில் மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்து உழைக்கிறார். அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரை துல்லியமாக நிற்பது அந்த இருவரின் கைவண்ணம். மார்க்கண்டேய முனிவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று காஞ்சி நெசவாளர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நம் காலத்தில். அந்தப் பெருமிதம் அதற்கு எவ்வளவோ முந்தையது. மெரூனுக்கும் அரக்குக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு என் மனைவி சொல்லும் வழி இது: கடையின் விளக்கை நம்பாதீர்கள், வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பிடியுங்கள். மெரூனில் நீலம் எட்டிப் பார்க்கும். அரக்கில் மண் எட்டிப் பார்க்கும்.

இவ்வளவையும் எனக்குக் கற்றுத் தந்தது ஒரு தகரப் பெட்டி.

என் தாயாரின் கூறைப்புடவை அரக்கு நிறம். மாம்பழ மஞ்சள் கரை. 1979இல் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியபோது நாங்கள் குடும்பத்தோடு காஞ்சிக்குச் சென்றோம். அம்மா அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கூட்டத்தில் அம்மாவைத் தவறவிடாமல் இருக்க அந்த அரக்கு முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. பெருமாளைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன் என்று தோன்றுகிறது.

1996இல் அப்பா காலமானார். அதன்பிறகு அம்மா அந்தப் புடவையைக் கட்டவில்லை. அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் எல்லாம் பெட்டிக்குள் போயின. வெளிர் சந்தனம், சாம்பல், வெளுத்த பச்சை என்று கொடியில் உலரும் நிறங்கள் ஒவ்வொன்றாய் மாறின. எங்கள் வீட்டில் யாரும் "கட்டாதே" என்று சொல்லவில்லை. "கட்டிக்கொள் அம்மா" என்றும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. படித்தவன், பல ஊர் பார்த்தவன், பிறர் கணக்கில் ஒரு ரூபாய் பிழை இருந்தாலும் கண்டுபிடிப்பவன். கொடியில் இருந்த பிழை என் கண்ணில் படவே இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை ஆடியில் அவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். பட்டை நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் வேறு மடிப்பாக மடித்து, அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பு வைத்து மூடுவார். அதே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பட்டு மடிப்போடு விண்டுவிடும் என்பதும், பிளாஸ்டிக் உறை ஆகாது என்பதும், அந்துருண்டையைச் சரிகைமேல் படும்படி வைத்தால் அது கறுக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கட்டாத புடவைக்கு இவ்வளவு பராமரிப்பு.

2019இல் அத்தி வரதர் மீண்டும் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் நின்ற கோலம். ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறப் பட்டு. இன்று என்ன நிறம் என்று தமிழ்நாடே காலையில் செய்தித்தாளைப் புரட்டியது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தொன்று. "பாட்டி, அந்த அரக்கைக் கட்டிக்கிட்டு வாங்களேன்" என்றாள் என் மகள். அம்மா சிரித்துக்கொண்டே சந்தன நிறத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். நான் காரின் சாவியைத் தேடுவதுபோல் வெளியே போய்விட்டேன்.

மணிக்கணக்கில் நின்று, சில விநாடி தரிசனம். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "பெருமாள் என்ன நிறம்டா கட்டியிருந்தார்? எனக்குக் கண் சரியாத் தெரியலை." நெரிசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. மறுநாள் பேத்தி செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த தை மாதம் ஓர் அதிசயம் நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் தைப்பூசத்தை ஒட்டி இருமுடி எடுத்து மேல்மருவத்தூருக்குக் கிளம்பினார்கள். அம்மாவும் போகிறேன் என்றார். அங்கே செவ்வாடை அணிந்து போவதுதான் முறை. கன்னிப்பெண், சுமங்கலி, கணவனை இழந்தவர் என்ற பாகுபாடு ஆடையில் கிடையாது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா சிவப்பு உடுத்தினார். கடையில் வாங்கிய சாதாரண நூல் புடவை. வேன் புறப்படும்போது சன்னல் வழியே பார்த்தேன். எல்லாரும் சிவப்பாக இருந்ததால் உள்ளே அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்ததும் கேட்டேன்: "எப்படிம்மா இருந்தது?"

"அங்க யாரும் யாரையும் உத்துப் பாக்கறதில்லைப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் புடவையைத் துவைத்து மடித்துத் தகரப் பெட்டியில், அரக்கின்மேல் வைத்தார். 2021இல் அவர் மறைந்தார்.

காந்தி ரோட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று மாலை என் மகள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். பாட்டியின் புடவையையே முகூர்த்தத்தில் உடுத்த வேண்டும் என்பது அவள் விருப்பம். விரித்ததும் அது முடியாது என்று தெரிந்துவிட்டது. அம்மா மறைந்தபிறகு நாங்கள் யாரும் மடிப்பு மாற்றவில்லை. இரண்டு இடங்களில் பட்டு விண்டிருந்தது. ஆனால் நிறம் போகவில்லை. முந்தானையின் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைக் கத்தரித்து எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் போனோம். அவர் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அரக்கு. நல்ல அரக்கு. இப்ப இந்த அளவுக்குப் பழுப்புச் சேக்கறவங்க கொஞ்சம்தான். சாயக்காரர்கிட்ட இந்த இழையைக் காட்டித் தோய்ச்சு வாங்கிடலாம்" என்றார். மாம்பழ மஞ்சள் கரை, கோர்வை, தை மாதத்துக்குள் கிடைக்கும் என்று பேசி முடிந்தது.

எழுந்தபோது, "அதே அரக்குல இன்னொண்ணும் போடுங்க" என்று நான் சொன்னேன்.

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"உனக்குத்தான்."

"இந்த வயசுல எனக்கு எதுக்கு அரக்கு?"

சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. "கல்யாணத்துல கட்டிக்க. அதுக்கப்புறமும் கட்டிக்க. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் அதைப் பெட்டியில வைக்காதே."

நெசவாளர் தலையைக் குனிந்துகொண்டு ரசீதுப் புத்தகத்தில் எதையோ எழுதுவதுபோல் இருந்தார். "நல்ல காரியம் பேச வந்த இடத்துல என்ன பேச்சு இது?" என்று மனைவி கடிந்துகொண்டாள். வாசல் வரை வந்தவள் செருப்பை மாட்டாமல் திரும்பி நின்று அவரைக் கேட்டாள்:

"என்னோடதுக்குக் கரை பச்சையில வருமா?"